திங்கள் அதிகாலை 1 மணி ஆட்டம்: சிங்கப்பூரில் என்எஃப்எல் கேம் பாஸ், நான்கு வாரம் பார்த்தபின்

அமெரிக்காவில் ஞாயிறு பிற்பகல் 1 மணி ஆட்டம் என்றால் நமக்கு அது திங்கள் அதிகாலை 1 மணி. நியூயார்க் கடிகாரத்துக்கும் சிங்கப்பூர்க் கடிகாரத்துக்கும் நவம்பர் தொடக்கம் வரை சரியாக 12 மணி நேர வித்தியாசம். முள்ளைத் திருப்பவே வேண்டாம், காலையை மாலை என்று படித்தால் போதும். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் ஆட்டங்களை இணையவழி காட்டும் கேம் பாஸ் சந்தாவை வாங்கலாமா என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த 12 மணி நேரத்துக்குள் கிடக்கிறது. மீதிப் பாதி, புள்ளிகளைப் பார்க்க விரும்புகிறீர்களா, ஆட்டத்தைப் பார்க்க விரும்புகிறீர்களா என்பதில் இருக்கிறது.

2025 பருவத்தின் முதல் ஆட்டம் நமக்கு செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை காலை 8.20க்குத் தொடங்கியது. நான்காம் வாரம் செப்டம்பர் 30 செவ்வாய்க்கிழமை முற்பகலில் முடிந்தது. இந்த நான்கு வாரத்தில் ரசிகர்கள் தொண்டை வறள வாதாடிய சங்கதிகள் பல: கிக்காஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) விதி, 60 யார்டுக்கு மேற்பட்ட ஃபீல்டு கோல்கள் (கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது), பிலடெல்பியாவின் டஷ் புஷ் (பின்னாலிருந்து தள்ளும் உத்தி), தடுக்கப்பட்ட உதைகள், 40-40 சமநிலை. இவை ஒவ்வொன்றும் சந்தாவின் எந்தப் பகுதியில் தெரிந்தது, எதில் தெரியாமல் போனது என்று பார்ப்பதே இந்த மதிப்பீட்டின் வழி.

சேவையைப் பற்றி முதலில். அமெரிக்காவுக்கு வெளியே கேம் பாஸ் 2023 முதல் டாசோன் என்ற விளையாட்டு ஒளிபரப்புத் தளத்தில் இயங்குகிறது. டாசோனின் பொதுச் சந்தா தேவையில்லை; கேம் பாஸை மட்டும் தனியாக வாங்கலாம். 32 அணிகள், 18 வாரம், 272 வழக்கமான பருவ ஆட்டங்கள், அதன்பின் பிளே ஆஃப் (வெளியேற்றுச் சுற்று). பார்க்கும் வழிகள் நான்கு: நேரலை, ரெட்சோன் அலைவரிசை, முழு மறுஒளிபரப்பு, 40 நிமிடச் சுருக்கம். விளம்பரங்களில் பெரிதாகத் தெரிவது முதல் இரண்டும். சிங்கப்பூரில் இருப்பவருக்குக் காசுக்குச் சோறு போடுவது பின்னிரண்டும்.

பணம் கட்டும் இடத்தில் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் இங்கே 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. ஆகவே திரையில் காட்டும் தொகை வரி சேர்த்ததா, சேர்க்காததா என்பதைக் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். தொகை சிங்கப்பூர் வெள்ளியில் இல்லாமல் அமெரிக்க டாலரில் இருந்தால் கடன் அட்டை வங்கி நாணய மாற்றுக் கட்டணமாகச் சுமார் 3 விழுக்காடு கூட்டும். மூன்றாவது, சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. ஐஃபோனில் ஆப்பிள் வழியாக வாங்கியிருந்தால் அதை ஆப்பிள் கணக்கின் சந்தாப் பக்கத்தில்தான் நிறுத்தமுடியும். டாசோன் தளத்தில் அந்தப் பொத்தானைத் தேடினால் கிடைக்காது. இணையத்தளத்தில் உலாவி வழியாக வாங்கியவர் தளத்திலேயே நிறுத்தலாம். பிப்ரவரியில் பருவம் முடிந்த மறுநாளே நிறுத்திவிடுவது நல்லது. அடுத்த ஆகஸ்ட்டில் வரும் குறுஞ்செய்தியைப் பார்த்து நெஞ்சில் கை வைக்கவேண்டியிருக்காது.

நேரலை: நாள் பார்த்துச் செய்

வார அட்டவணையை நம் நேரத்தில் சொன்னால் இப்படி. வியாழன் இரவு ஆட்டம் வெள்ளி காலை 8.15. ஞாயிறு ஆட்டங்களின் முதலாவது கொத்து திங்கள் அதிகாலை 1.00, இரண்டாவது கொத்து 4.05 அல்லது 4.25. ஞாயிறு இரவு ஆட்டம் திங்கள் காலை 8.20. திங்கள் இரவு ஆட்டம் செவ்வாய் காலை 8.15. வேலைக்குப் போகிறவருக்கு இதில் ஒன்றுகூட வசதியான நேரம் இல்லை. வாரத்தின் மிகப் பெரிய ஆட்டம் எம்ஆர்டியில் நிற்க இடமில்லாத நேரத்தில் தொடங்கி, திங்கட்கிழமைக் கூட்டம் சூடுபிடிக்கும்போது உச்சம் தொடும். முதல் வாரத்தில் பஃபலோ பில்ஸ் அப்படித்தான் செய்தது. 40-25 என்று பின்தங்கியிருந்த அணி, கடைசி நான்கு நிமிடத்தில் 16 புள்ளி எடுத்து, நேரம் முடியும் கணத்தில் மேட் பிரேட்டரின் 32 யார்டு உதையால் பால்டிமோரை 41-40 என்று வீழ்த்தியது. நமக்கு அப்போது திங்கள் முற்பகல் 11 மணி தாண்டியிருந்தது.

விதிவிலக்காக இரண்டு வகை ஆட்டங்கள் நமக்கென்றே வைத்ததுபோல் அமைகின்றன. வெள்ளி இரவு ஆட்டம் ஒன்று. செப்டம்பர் 5 அன்று சாவ் பாவ்லோவில் சார்ஜர்ஸ் கான்சஸ் சிட்டியை 27-21 என்று வென்ற ஆட்டம் நமக்குச் சனிக்கிழமை காலை 8 மணிக்கு வந்தது. யூடியூபில் உலகம் முழுக்க இலவசமாகவே காட்டினார்கள். அதற்குச் சந்தாவே வேண்டியிருக்கவில்லை. மற்றொன்று ஐரோப்பிய ஆட்டங்கள். செப்டம்பர் 28 அன்று டப்ளின் குரோக் பார்க்கில் பிட்ஸ்பர்க் மினசோட்டாவை 24-21 என்று வென்றது. நமக்கு அது ஞாயிறு இரவு 9.30. சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்து, கால் நீட்டி உட்காரும் நேரம். இதே நேரத்தில் லண்டனில் இன்னும் மூன்று ஆட்டங்கள் வந்தன: அக்டோபர் 5ல் மினசோட்டா–கிளீவ்லண்ட், 12ல் டென்வர்–நியூயார்க் ஜெட்ஸ், 19ல் ராம்ஸ்–ஜாக்சன்வில். நேரலைக்காக மட்டும் சந்தா எடுப்பவர் இந்த ஆட்டங்களை வைத்துக் கணக்குப் பார்க்கட்டும்.

நேரலையில் இன்னொரு சங்கடம் உண்டு. இணையவழி ஒளிபரப்பு எதுவாக இருந்தாலும் மைதானத்துக்குச் சில பத்து நொடி பின்னால்தான் ஓடும். டெக்சஸில் இருக்கும் மச்சான் வாட்ஸப்பில் ‘போச்சு’ என்று போட்டால், உங்கள் திரையில் உதைப்பவர் அப்போதுதான் பின்னால் அடியெடுத்து வைத்துக்கொண்டிருப்பார். ஃபேன்டசி (உண்மை ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைக்கும் விளையாட்டு) செயலிகளின் அறிவிப்பு அதைவிட வேகம். நேரலை பார்க்கும்போது கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

ரெட்சோன்: புகழ் பெரிது, பொருத்தம் சிறிது

ரெட்சோன் என்பது ஞாயிறு பிற்பகல் நடக்கும் எல்லா ஆட்டங்களுக்கும் இடையே தாவித் தாவி, புள்ளி விழப்போகும் இடத்தை மட்டும் காட்டும் அலைவரிசை. ஸ்காட் ஹான்சன் ஏழு மணி நேரம் நின்றபடி நடத்துகிறார். அமெரிக்காவில் இது ஞாயிற்றுக்கிழமையின் உயிர்நாடி. இங்கே திங்கள் அதிகாலை 1 மணி முதல் 8 மணி வரை என்றால், இரவுப் பணி முடித்து வருபவருக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும்தான் சரிப்படும். 2025 பருவத்திலிருந்து அதில் சிறு விளம்பரங்களும் நுழைந்துவிட்டன. திரையின் ஒரு பாதியில் ஆட்டம், மறுபாதியில் விளம்பரம், சில நொடிகள். கூச்சல் பெரிதாக இருந்தது. தொல்லை அவ்வளவு பெரிதில்லை.

ரெட்சோன் தன் விலையை ஒரே மணி நேரத்தில் நியாயப்படுத்திய நாள் ஒன்று இருந்தது: செப்டம்பர் 22, திங்கள் அதிகாலை, மூன்றாம் வாரம். 1 மணிக் கொத்தின் கடைசி நிமிடங்களில் மூன்று மைதானங்களில் அடுத்தடுத்து உதைகள் தடுக்கப்பட்டன. நியூயார்க் ஜெட்ஸின் வில் மெக்டானல்ட் டாம்பாவின் உதையைத் தடுத்து, பந்தை எடுத்துக்கொண்டு ஓடி டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவது) போட்டு 27-26 என்று முன்னிலை வாங்கிக்கொடுத்தார். டாம்பா திரும்ப வந்து இன்னொரு உதையில் 29-27 என்று வென்றது. கிளீவ்லண்ட், கிரீன் பே உதையைத் தடுத்துவிட்டு, கடைசி நொடியில் 55 யார்டு ஃபீல்டு கோலால் 13-10 என்று ஜெயித்தது. பிலடெல்பியாவிலோ, 150 கிலோவைத் தாண்டிய ஜோர்டன் டேவிஸ் ராம்ஸின் உதையைத் தட்டி, தானே எடுத்து 61 யார்டு ஓடினார், 33-26. இதைத் தனித்தனி மறுஒளிபரப்பில் பார்த்தால் மூன்று சம்பவம். ரெட்சோனில் பார்த்தவருக்கு ஒரே திருவிழா.

ஆனால் அதிலேயே குறையும் தெரிந்தது. அந்த உதைகள் ஏன் தடுக்கப்பட்டன என்பதை அது சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அதற்குள் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறது. கிக்காஃபை அநேகமாகக் காட்டுவதே இல்லை, அங்கே புள்ளி விழுவது அபூர்வம் என்பதால். 2025 பருவத்தின் பெரிய மாற்றம் நடந்திருப்பதோ கிக்காஃபில்.

முழு மறுஒளிபரப்பில் என்ன பார்ப்பது

புதிய கிக்காஃப் 2024ல் ஓராண்டுச் சோதனையாக வந்து இப்போது நிரந்தரமாகியிருக்கிறது. உதைப்பவர் தன் 35 யார்டுக் கோட்டில் தனியே நிற்பார். அவருடைய 10 பேர் எதிரணியின் 40ல் வரிசை கட்டுவார்கள். பந்து வாங்கும் அணியின் பெரும்பகுதி 30க்கும் 35க்கும் இடையில், அவர்களுக்கு ஐந்தே யார்டு எதிரே நிற்கும். பின்னால், பந்தை வாங்கி ஓடுபவர் ஒருவர் அல்லது இருவர். பந்து தரையையோ ஓடுபவரையோ தொடும்வரை நடுவில் நிற்கும் யாரும் அசையக்கூடாது. கோல் கோட்டிலிருந்து 20 யார்டுக் கோடு வரை ‘இறங்கு பகுதி’. அதற்கு முன்னாலேயே பந்து விழுந்தால் எதிரணி 40லிருந்து தொடங்கும். இறங்கு பகுதியில் விழுந்து உருண்டு எண்ட்சோனுக்குள் (கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி) போய் அடங்கினால் 20லிருந்து. நேரே எண்ட்சோனுக்குள் பறந்து அடங்கினால் 2025 முதல் 35லிருந்து. 2024ல் அது 30.

அந்த ஐந்து யார்டுதான் எல்லாவற்றையும் கிளறிவிட்டது. 30 என்றபோது பயிற்றுநர்கள் ‘போகட்டும், பின்னால் உதைத்துவிடு’ என்றார்கள். 2024ல் மூன்றில் ஒரு கிக்காஃப்தான் திருப்பி ஓடப்பட்டது. 35 என்றதும் கணக்கு மாறியது. சும்மா 35 கொடுப்பதற்குப் பதில், பந்தை இறங்கு பகுதியில் தரையில் குதிக்கவிட்டு ஓடவைத்தால் 30க்குள் மடக்கலாம். உதைப்பவர்கள் சிலர் பந்தைச் சுழலவிடாமல் தள்ளாடவிட்டு உதைக்கப் பழகிவிட்டார்கள். எந்தப் பக்கம் குதிக்கும் என்று ஓடுபவருக்குத் தெரியாது. இந்த நான்கு வாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று கிக்காஃப் திருப்பி ஓடப்பட்டது.

இதைப் பார்க்க முழு மறுஒளிபரப்பு வேண்டும். 40 நிமிடச் சுருக்கத்தின் இலக்கணம், ஸ்னாப்புக்குச் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தை ஓடவிடும் கணம்) சற்று முன்னால் தொடங்கி விசில் அடித்ததும் வெட்டுவது. வரிசை எப்படி நின்றது, யார் எந்தப் பக்கம் நகர்ந்தார், உதைப்பவர் பந்தை எப்படிச் சாய்த்து வைத்தார் என்பதெல்லாம் கத்தரியில் போய்விடும்.

ஃபீல்டு கோலும் இதோடு பின்னிய சங்கதி. முதல் வாரத்தில் பிட்ஸ்பர்க்கின் கிறிஸ் பாஸ்வெல் 60 யார்டு. இரண்டாம் வாரத்தில் டாலஸின் பிராண்டன் ஆப்ரி 64. நான்காம் வாரத்தில் டாம்பாவின் சேஸ் மெக்லாக்லின் 65. அப்போது என்எஃப்எல் சாதனையே 66 தான். 2021ல் ஜஸ்டின் டக்கர் டெட்ராய்ட்டில் போட்டது. உதைப்பதற்கான பந்துகளை முன்பெல்லாம் ஆட்ட நாளன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் தேய்த்துப் பதப்படுத்த முடியும். 2025 முதல் அணிகளே முன்கூட்டி வாங்கி வாரக்கணக்கில் பழக்கலாம். புதுச் செருப்புக்கும் பழகிய செருப்புக்கும் உள்ள வேறுபாடுதான்.

இரண்டு விதியையும் சேர்த்து ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 யார்டு உதை என்றால் பந்து நிற்கவேண்டிய இடம் எதிரணியின் 42 அல்லது 43; மீதி 17, 18 யார்டு எண்ட்சோனுக்கும் உதைப்பவர் பின்னால் நிற்கும் தூரத்துக்கும் போகிறது. 35லிருந்து தொடங்கும் அணி அங்கே போகச் சுமார் 23 யார்டு போதும். இரண்டு நல்ல வீச்சு! இரண்டாம் வாரத்தில் டாலஸுக்கு எதிராக நியூயார்க் ஜயன்ட்ஸ் 25 நொடி மிச்சம் வைத்து 37-34 என்று முந்தியபோது ஆட்டம் முடிந்துவிட்டதாக நினைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கவில்லை. ஆப்ரி 64 யார்டிலிருந்து சமன் செய்தார். ஓவர்டைமில் (கூடுதல் நேரத்தில்) 46 யார்டிலிருந்து 40-37 என்று முடித்தும்வைத்தார். ரெட்சோன் காட்டியது அந்த உதையை. 25 நொடியில் பந்து எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பது மறுஒளிபரப்பில் இருக்கிறது.

அடுத்தது டஷ் புஷ். ஒரு யார்டோ அதற்கும் குறைவோ தேவைப்படும்போது குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்துபவர்) குனிந்து சென்டரின் (அவரிடம் பந்தைக் கொடுப்பவர்) பின்னால் புகுந்துகொள்ள, பின்னாலிருந்து இரண்டு பேர் அவரை நெம்பித் தள்ளுவார்கள். இதைத் தடைசெய்யக் கிரீன் பே கொண்டுவந்த தீர்மானத்துக்கு 2025 மே மாதம் 22 அணிகள் ஆதரவளித்தன. தேவை 24. இரண்டு வாக்கில் பிழைத்தது. இரண்டாம் வாரம் பிலடெல்பியா கான்சஸ் சிட்டியை 20-17 என்று வென்றபோது, முன்வரிசை ஆட்டக்காரர்கள் ஸ்னாப்புக்கு முன்பே அசைந்தார்கள், நடுவர்கள் குற்றம் காட்டும் கொடியை வீசவில்லை என்று பெரிய ரகளை. அதன்பின் அந்த உத்தியை இறுக்கமாகக் கவனிக்கும்படி நடுவர்களுக்கு லீக் அறிவுறுத்தியது.

வாதாடுவதற்கு முன் நீங்களே பார்த்துவிடலாம். பந்தைப் பார்க்காதீர்கள், அது குவியலுக்குள் மறைந்துவிடும். சென்டருக்கு இருபுறமும் உள்ள கார்டுகளின் தோளையும் கையையும் பாருங்கள். பந்தின் நீளமான 11 அங்குலம்தான் இரு அணிக்கும் நடுவே உள்ள சூனியப் பகுதி. தலையை அதற்குள் நீட்டினால் ஆஃப்சைடு; பந்து அசையுமுன் உடல் அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட். நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்குப் பெரிய திரை வேண்டும். கைப்பேசியில் பார்த்துவிட்டு நடுவரைத் திட்டுவது நியாயமில்லை. பெரிய திரையிலேகூட பக்கவாட்டுக் கேமராக் கோணம் கிடைத்தால்தான் முடிவு சொல்ல முடியும். முக்கால்வாசி நேரம் அது ஒளிபரப்பாளர் போடும் மறுகாட்சியில் வரும். சுருக்கப் பதிவில் முதலில் பலியாவதும் அந்த மறுகாட்சிதான்.

இதே கதைதான் இண்டியானாபொலிஸ்–டென்வர் ஆட்டத்திலும். கடைசி நொடியில் ஸ்பென்சர் ஷ்ரேடரின் 60 யார்டு உதை தவறியது. டென்வர் கொண்டாடத் தொடங்கியது. அதற்குள் கொடி: தடுக்க எகிறியவர் மற்றவர்மேல் கை ஊன்றினார் என்று ‘லெவரேஜ்’ குற்றம், 15 யார்டு. இண்டியானாபொலிஸ் 45லிருந்து திரும்ப உதைத்து 29-28 என்று வென்றது. கொடி எதற்கு என்பது நடுவர் சொல்லும் நான்கு வரியிலும் மறுகாட்சியிலும் இருக்கிறது.

அளவுகோல் பற்றி ஒரு சிறு திருத்தமும் தேவைப்படுகிறது. தூரம் அளக்கும் சங்கிலி போய்க் கேமரா வந்துவிட்டது, இனி தவறே நடக்காது என்று சிலர் எழுதுகிறார்கள். சோனியின் ஹாக் ஐ ஆறு 8கே கேமராக்களை வைத்து அளப்பது, பந்து வைத்த இடத்துக்கும் முதல் டவுன் கோட்டுக்கும் (பந்தைத் தக்கவைக்க அணி எட்டவேண்டிய கோடு) உள்ள தூரத்தை மட்டும். சுமார் 30 நொடியில் அளந்துவிடும், நேரம் மிச்சம், அவ்வளவே. பந்தை எங்கே வைப்பது என்பதை இன்னும் மனிதக் கண்தான் தீர்மானிக்கிறது. சண்டையெல்லாம் அங்கேதான்.

ஒன்றரை மணிக்குள் முழு ஆட்டம்

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஓட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம். அதனால் முழுப் பதிவை அப்படியே உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை. 40 நிமிடச் சுருக்கத்துக்கும் ஓடவேண்டாம். நடுவழி ஒன்று இருக்கிறது. ஒரு நகர்வு முடிந்ததும் அடுத்த ஸ்னாப்புக்கு 40 நொடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். விசில் கேட்டதும் 30 நொடி முன்னே தாவினால், அணிகள் வரிசையில் நிற்கும் கணத்தில் சரியாக இறங்குவீர்கள். கொடி விழுந்தாலோ, நடுவர் முடிவை எதிர்த்துப் பயிற்றுநரின் சவால் வந்தாலோ தாவாதீர்கள். ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்திலும் தாவாதீர்கள். கூடிப் பேசாமலே அடுத்த நகர்வைத் தொடங்கிவிடுவார்கள், இரண்டு நகர்வு தவறிவிடும். கிக்காஃபுக்கு முன் மட்டும் தாவலைக் குறைத்துக்கொள்ளுங்கள். இடைவேளைகளையும் தாண்டினால் ஏறக்குறைய ஒன்றரை மணியில் முடிந்துவிடும். திங்கள் இரவு ஒன்று, செவ்வாய் இரவு ஒன்று என்று வாரத்துக்கு இரண்டு ஆட்டம் தாராளமாகப் பார்க்கலாம்.

முடிவு தெரியாமல் மாலைவரை தாக்குப்பிடிப்பது தனிக் கலை. விளையாட்டுச் செயலிகளின் அறிவிப்பை ஞாயிறு இரவே அணைத்துவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது வேறிடத்தில்: அதிகாலை 1 மணி ஆட்டத்தை மாலைக்கு வைத்துவிட்டு, காலை 8.20 ஆட்டத்தை நேரலையில் பார்ப்பது. அதன் கீழ்ப்பட்டையும் இடைவேளைத் தொகுப்பும் அன்று நடந்த எல்லாவற்றையும் கொட்டிவிடும். ஆட்டங்களை அவை நடந்த வரிசையிலேயே பாருங்கள். ரெட்சோன் பதிவை எப்போதும் கடைசியில் வையுங்கள்.

பதிவின் நீளமும் காட்டிக்கொடுக்கும். நான்காவது கால்பகுதி முடியும்போது பட்டையில் இன்னும் அரை மணி மிச்சமிருந்தால் ஓவர்டைம் என்று புரிந்துவிடும். செப்டம்பர் 29 திங்கள் காலை கிரீன் பே–டாலஸ் ஆட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தவர்களுக்கு இது நேர்ந்திருக்கும். அந்த ஆட்டத்தை எப்படியும் பாருங்கள். ஆகஸ்ட் இறுதியில் டாலஸ் கிரீன் பேக்கு மாற்றிக் கொடுத்த தற்காப்பு நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸ் பழைய வீட்டுக்குத் திரும்பி வந்த ஆட்டம். அதோடு, 2025ல் வந்த புதிய ஓவர்டைம் விதிக்குக் கிடைத்த நல்ல பாடம். வழக்கமான பருவத்திலும் இப்போது இரண்டு அணிக்கும் பந்து உறுதி, ஆனால் நேரம் 10 நிமிடம்தான். முதலில் பந்து வாங்கிய டாலஸ் மெதுவாக நகர்ந்து ஃபீல்டு கோல் போட்டது; மிச்ச நேரத்தை கிரீன் பே கரைத்து அதேபோல் ஒன்று போட, 40-40. கிரீன் பே கடைசி நிமிடத்தில் கடிகாரத்தைக் கையாண்ட விதம் பற்றி இரண்டு நாள் சண்டை போடலாம்.

இணைப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இங்குள்ள ஃபைபர் இணைப்பு இதைப்போல் பத்து ஆட்டத்தைத் தாங்கும். படம் மங்கினால் பெரும்பாலும் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: புது வீவக வீடுகளில் ரூட்டரைக் குண்டுப் புகலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அந்தக் கான்கிரீட் சுவர் வெடிகுண்டைத் தடுக்கக் கட்டியது. வைஃபையை எப்படி விடும்? ரூட்டரை வெளியே கொண்டுவாருங்கள், இல்லையென்றால் தொலைக்காட்சிக்குக் கம்பி இழுங்கள். வெளியே கைப்பேசித் தரவில் பார்ப்பவர் ஒரு மணி நேர உயர்தரப் படத்துக்கு 2 முதல் 3 ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபேன்டசி ஆடுகிறவர்களுக்கு நேர வித்தியாசம் ஓரளவு தயவு காட்டுகிறது. ஆடாதவர் பட்டியல் தொடக்கத்துக்கு 90 நிமிடம் முன் வரும். ஞாயிறு இரவு 11.30க்குப் பார்த்து அணியைத் திருத்திவிட்டுத் தூங்கலாம். அதிகாலை 4.25 ஆட்டங்களின் பட்டியல் 2.55க்கு வரும், அதற்கு விழித்திருக்க முடியாது. சந்தேகத்தில் உள்ள ஆட்டக்காரர் அந்த ஆட்டங்களில் இருந்தால் அவரை உட்காரவைத்துவிடுவதே உத்தமம். லண்டன் ஆட்டங்களுக்கு இரவு 8 மணி.

ஒரே அணிக்காகச் சந்தா வாங்க நினைப்பவர் சின்சினாட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாம் வாரத்தில் அதன் குவார்ட்டர்பேக் ஜோ பரோவின் கால் பெருவிரல் போனது. அடுத்த இரண்டு ஆட்டம் 48-10, 28-3 என்று தோல்வி. பருவம் முழுவதற்கும் கட்டிய பணம் மட்டும் அப்படியே நிற்கிறது. அணிப் பற்றை விட வாரத்துக்கு இரண்டு நல்ல ஆட்டம் என்ற கணக்கில் வாங்கினால் ஏமாற்றம் குறைவு. அந்தக் கணக்குக்கு இந்தச் சந்தா தாராளமாகப் பெறும். ரெட்சோனுக்காக மட்டும் என்றால் வேண்டாம். புள்ளி விழும் காட்சிகள் போதும் என்பவருக்கு என்எஃப்எல்லின் யூடியூப் பக்கத்திலேயே ஒவ்வோர் ஆட்டத்தின் தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கிறது.

ரெட்சோனை முழுதாகச் சுவைக்க 2025 பருவத்தில் நமக்கு ஓர் இரவு வாய்த்தது. அக்டோபர் 20 திங்கள், தீபாவளி விடுமுறை. முந்தின இரவு 9.30க்கு வெம்பிளியில் ராம்ஸ்–ஜாக்சன்வில் தொடங்கி நள்ளிரவு தாண்டி முடிந்தது. உடனே 1 மணிக்கு ரெட்சோன். 4 மணிக்கு முதல் கொத்து முடியும்போது வீட்டில் எண்ணெய்க் குளியலுக்கு எழுப்பத் தொடங்கியிருப்பார்கள். முறுக்குத் தட்டு பக்கத்தில் இருந்திருக்கும், தூங்கி எழவும் வேண்டியிருந்திருக்காது.

நவம்பரின் முதல் ஞாயிறு அன்று (2025ல் 2ஆம் தேதி) அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்வைக்கிறார்கள். அன்று முதல் இங்கே சொன்ன எல்லா நேரத்தோடும் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள்: 1 மணி 2 ஆகும், 8.20 என்பது 9.20. 2025 நவம்பர் 9 பெர்லின் ஆட்டமும் 16 மாட்ரிட் ஆட்டமும் இரவு 10.30க்கு. இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் 2026 பிப்ரவரி 9, திங்கள் காலை 7.30, விடுப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டிய நேரம்.